இருசம்மாள் பார்த்த மெமரிப் பட்டறை

எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் இருசம்மாள் தன் விதை வெங்காயம் முழுவதையும் விற்றுக் கம்ப்யூட்டர் கம்பெனியில் போட்டாள். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் டவுன் வரைக்கும் அதே பேச்சு. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில் என்று எங்கே போனாலும் காதில் விழுந்தது. அவள் தெருவில் நடந்தால், "கம்ப்யூட்டர் போவுது பாரு" என்பார்கள். அவள் நின்று திரும்பி, "போவுது, போவுது, வழிய வுடு" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

இருசம்மாள் என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரர் செல்லமுத்துவின் அண்ணன் மனைவி. பிறந்த ஊர் அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி. எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குச் சின்ன வெங்காயத்தை நடத் தெரியாதாம். நட்டவர்கள் பின்னாலேயே நடந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். நான் வந்தபோது ஊரிலேயே வேகமாக நடும் கை அவளுடையதுதான். உரக்கப் பேசுவாள், உரக்கச் சிரிப்பாள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆறாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனாலும் பேப்பரைத் தடங்கல் இல்லாமல் படித்துவிடுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். "வேம்பு வாயத் தொறக்க மாட்டா. ஆனா கண்ணு ரெண்டும் டார்ச் லைட்டு" என்று என்னைப் பற்றிச் சொல்வாள்.

அவள் வீட்டுக்காரர் அரியமுத்து காய்ச்சலில் போன பிறகு, கிணற்றடிக் காட்டை யார் பார்ப்பது என்று பங்காளிகள் உட்கார்ந்து பேசினார்கள். பெண்பிள்ளையால் தனியாக வெங்காயம் போட முடியுமா என்று ஒருவர் கேட்டார். "காட்டக் கேளுங்க, அது சொல்லும்" என்றாள் இருசம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"சரி அண்ணி, நீங்களே போடுங்க. நான் குறுக்க வரல. ஆனா ஒரு போகம் வெத வுழாம தரிசா கெடந்துதுன்னா, அப்பறம் அந்தக் காட்ட நான்தான் உழுவேன். கெணத்துல உங்க தண்ணி மொறையும் எனக்கு வந்துடும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். பங்காளிகள் முன்னால் சொன்ன வார்த்தைக்கு மேலே எங்கள் பக்கம் வேறு பத்திரம் கிடையாது.

என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காட்டை அவர் சின்ன வயதிலிருந்து ஆசையாகப் பார்த்தவர். ஒவ்வொரு போகமும் நடவு நேரத்தில் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்த வரப்பில் ஒரு நடை நடந்துவிட்டு வருவார். இருசம்மாள் ஒரு போகமும் தவறவிட்டதில்லை.

அந்த வருஷம் ஆடியில் வெங்காயம் நன்றாகக் கண்டிருந்தது. சாப்பாட்டு வெங்காயத்தை மூட்டை கட்டித் திருச்சி மண்டிக்கு அனுப்பினாள். பொறுக்கி எடுத்த விதையை ஐப்பசி நடவுக்காகப் பட்டறையில் ஏற்றினாள். பட்டறை என்பது நாங்கள் வெங்காயம் சேமித்து வைக்கும் கூடு. கீழே கல் வைத்துத் தூக்கி, சுற்றிலும் குச்சித் தட்டி கட்டி, மேலே கரும்புத் தோகை வேய்ந்து, நாலு பக்கமும் காற்றுப் போகும்படி செய்வது. விதை வாங்க வருகிறவர்கள் மேலே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். தட்டியின் அடிப்பக்கம் கையை முழங்கை வரை நுழைத்து, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, அமுக்கிப் பார்த்து, மூக்கில் வைப்பார்கள். அழுகல் இருந்தால் அடியில்தான் இருக்கும்.

மண்டியில் விலைச் சீட்டுப் போடும் வரைக்கும் இருசம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். மாடியில் பாலசுந்தரம் என்ற ஷேர் புரோக்கரின் ஆபீஸ். வீட்டுக்கு வெங்காயம் வாங்கிப் பழக்கமானவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொள்ளிடம் கம்ப்யூட்டர்ஸ் என்று துவாக்குடியில் புதிதாக ஒரு கம்பெனி வந்தபோது, "நம்ம ஊரு கம்பெனி, கொஞ்சம் போட்டு வைங்க" என்று விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கியிருந்தார். கொஞ்சம்தான் போட்டிருந்தாள். அதை மறந்துகூடப் போயிருந்தாள்.

அந்த ஆடியில் அவர் படியிறங்கி வந்தே கூப்பிட்டார்.

"வாங்க இருசம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. கொள்ளிடத்த வித்துருவோம். பாதியா எறங்கிப்போச்சு."

"ஏங்க, கம்பெனில தீப்புடிச்சிருச்சா?"

"அதெல்லாம் இல்ல. மெமரி வெல ஏறிப்போச்சு."

"மெமரின்னா என்னாங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்கிறது. சின்னதா கறுப்பா இருக்கும். ஜப்பான்லேர்ந்து வருது. அங்கயே தட்டுப்பாடு. போன வருஷத்து வெலக்கி இப்ப மூணு மடங்கு, நாலு மடங்குங்கிறான். கம்ப்யூட்டர் செய்யறவன்லாம் பழைய வெலக்கி ஆர்டர் வாங்கி வச்சிட்டு முழிக்கிறான். அதான் ஜனங்க வித்துத் தள்ளுது."

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது சரிங்க. இவன்கிட்ட இருப்பு எவ்ளோ இருக்கு?"

"என்ன இருப்பு?"

"அந்த மெமரிதாங்க. வெல ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கிப் போட்டிருக்கானா, இனிமேத்தான் வாங்கப் போறானா?"

பாலசுந்தரம் கொஞ்சம் யோசித்தார். "அது யாருக்கும்மா தெரியும்?"

"பட்டறயப் பாக்காம நீங்க வெங்காயம் வாங்குவீங்களா?"

"இது வெங்காயம் இல்லம்மா."

"இல்லாட்டிப் போவுது. போயிப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் வித்துப்புடாதீங்க."

அப்படியே தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஏறி, துவாக்குடியில் இறங்கினோம். நான் பின்தங்கினேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"வேலைக்கு ஆள் எடுக்கலம்மா. போங்க, போங்க."

"வேல கேட்டு வரலைங்க. மொதலாளி வந்திருக்கன்னு உள்ள சொல்லுங்க."

"யாரு மொதலாளி?"

"நான்தான். கொஞ்சூண்டு."

பாலசுந்தரத்திடமிருந்து வாங்கி வந்திருந்த ஷேர் பத்திரத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே போன் போட்டார். நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வெளியே வந்தாள். லீலாவதி என்று பெயர். ஸ்டோர் அவள் பொறுப்பாம். அவள் முகத்தில், இவர்களை எப்படி அனுப்பி வைப்பது என்ற யோசனை தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டாள். இருசம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊரைச் சொல்லாமல் பிறந்த ஊரைச் சொன்னாள்.

"கல்லங்குறிச்சியா? எனக்கு அரியலூருங்க! வருஷா வருஷம் தேருக்கு வருவோமே."

"அப்ப நீ நம்ம புள்ள. எனக்கு ஒண்ணும் வேணாம் கண்ணு. மெமரிய மட்டும் காட்டு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மார்கழி மாதிரிக் குளிர். நீளமான மேசைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் ஒரு பட்டை, அதிலிருந்து மேசைக்கு ஒரு ஒயர். இருசம்மாள் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, கட்டிப்போட்டா வேல வாங்குறாங்க?"

லீலாவதிக்கு அது கேட்டுவிட்டது. "இல்லக்கா. நம்ம ஒடம்புல கொஞ்சம் கரண்டு இருக்கும். அதோட தொட்டா மெமரி செத்துப்போயிடும். அத மண்ணுக்கு எறக்கி வுடத்தான் ஒயரு."

ஸ்டோரில் இரும்பு அலமாரியைத் திறந்தாள். கண்ணாடி போன்ற நீளக் குழாய்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு குழாயிலும் கறுப்பாக, இரண்டு பக்கமும் கால் முளைத்து, செத்துக் கிடக்கும் மரவட்டை போல மெமரித் துண்டுகள் வரிசையாக அடைந்து கிடந்தன. இதற்குத்தானா ஜப்பானில் தட்டுப்பாடு என்று எனக்கு வியப்பாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இருசம்மாள் குனிந்து, கீழ்த்தட்டில் முழங்கை வரை கையை நுழைத்துவிட்டாள்.

"ஐயையோ, தொடாதீங்கக்கா!"

லீலாவதி போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். இருசம்மாள் கையை எடுக்காமலே, "அடியில இருக்கறததான் பாக்கணும் கண்ணு" என்றாள். வேறு வழியில்லாமல் அவள் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டி, ஒயரை மாட்டி, உள்ளங்கையில் ஒரே ஒரு மரவட்டையை வைத்தார்கள். அவள் அதை உருட்டிப் பார்த்து மூக்கில் வைத்தாள்.

"என்னக்கா மோந்து பாக்குறீங்க?"

"அழுவல் வாட அடிக்குதான்னுதான்."

அந்தக் குளிர் அறையே குலுங்கிச் சிரித்தது. இருசம்மாளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள், "இதெல்லாம் எப்ப வாங்குனது?"

"போன வருஷமே. எங்க எம்.டி. பேங்க்ல கடன் வாங்கிக் கொண்டாந்து ரொப்பிட்டாரு. அப்ப ஆபீஸ்ல எல்லாரும் அவரத் திட்டுனாங்க. இந்த அலமாரி, அந்த அலமாரி, உள் ரூமுல இன்னும் ரெண்டு."

இருசம்மாள் ஒவ்வொரு அலமாரியையும் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் கீழ்த்தட்டைத்தான் பார்த்தாள். எல்லாம் நிறைந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. "வேம்பு, பாத்தியாடி? அத்தனையும் பழைய வெலக்கி வாங்குனது. ஊர்ல எவங்கிட்டயும் இல்ல, இவங்கிட்ட இருக்கு. நம்ம ஊர்ல வெங்காயம் தட்டுப்பாடானப்ப பட்டற வச்சிருந்தவன் என்னா ஆனான்? ஓட்டு வூடு கட்டுனான்! ஜனங்க விக்கிதாம்ல, நான் வாங்கறேன்." முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் அவரிடமும் சொன்னாள். அவர் பாடாலூரில் இறங்கும்போது கம்பெனி பெயரை என்னிடம் கேட்டுக்கொண்டு இறங்கினார்.

வாங்குவதற்குக் கையில் இருந்தது போதாது. சாப்பாட்டு வெங்காயம் விற்ற காசு உரக்கடைக்கும் ஆள் கூலிக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்தது பட்டறை மட்டும்.

எங்கள் பக்கத்தில் எந்தக் கஷ்டத்திலும் விதையில் கைவைக்க மாட்டார்கள். தாலியை அடகு வைத்தாலும் வைப்பார்களே தவிர, பட்டறையைத் திறக்க மாட்டார்கள். அவள் காலையிலேயே வண்டி கட்டி மூட்டை ஏற்றினாள். வரப்பில் பல் விளக்கிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"அண்ணி, இது வெதயில்ல?"

"வெததான் தம்பி."

"அப்ப ஐப்பசிக்கு?"

"அதுக்குள்ள வாங்கிடுவேன்."

"எங்க வாங்குவீங்க?"

"கம்ப்யூட்டர்ல."

அவர் சிரித்த சிரிப்பில் தோள்துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. அதை எடுத்து உதறிக்கொண்டே, "சரிங்க அண்ணி. நான் மாட்டுக்கு லாடம் அடிச்சி வச்சிடறேன்" என்றார்.

"நல்லா இறுக்கி அடிங்க" என்றாள் அவள்.

வண்டி போன பிறகு யாரும் இல்லை என்று நினைத்து, காலிப் பட்டறையிடம் போய் நின்றாள். தட்டிக்குள் கையை நுழைத்துத் துழாவினாள். கை வெறுமனே வந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான் மாட்டுக் கொட்டகையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல என் வாழ்க்கையில் வேறு நாட்கள் இருந்ததில்லை. தினமும் காலையில் டீக்கடைப் பேப்பர் எங்கள் வீட்டுக்கு வரும். என் வீட்டுக்காரர் முன்பக்கத்தைப் படித்துவிட்டுப் போட்டுவிடுவார். பொடி எழுத்தில் பங்கு விலை போடும் பக்கத்தை நான் கொட்டகைக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பேன். 'கொள்ளிடம் கம்ப்' என்று பாதிப் பெயர்தான் போட்டிருப்பார்கள். அதை எப்படி இருசம்மாளுக்குச் சொல்வது? காட்டில் ஆட்கள் இருப்பார்கள், எனக்கோ கத்த வராது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். விலை ஏறியிருந்தால் நான் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவேன். இறங்கியிருந்தால் இடுப்பில்.

முதல் சில நாட்கள் குடம் இடுப்பிலேயே இருந்தது. அவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்வாள். ஒரு நாள் குடம் தலைக்கு ஏறியது. மறுநாளும் தலையில். அதற்கடுத்த நாள் அவள் போட்ட கூச்சலில், பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்து வரப்புக்கு ஓடினார்கள். "ஒண்ணுமில்லடி, குடம், குடம்!" என்று அவள் குதித்தாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

புரட்டாசி பிறந்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மெமரி விலை இன்னும் ஏறியது. மற்றக் கம்பெனிகள் கம்ப்யூட்டர் செய்ய முடியாமல் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தன. கொள்ளிடம் மட்டும் சொன்ன தேதிக்குச் செய்து கொடுத்தது. பங்கு விலை அவள் வாங்கியதற்கு இரண்டு மடங்கானது. டீக்கடையில் கேலி செய்தவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "ஏ இருசம்மா, எங்களுக்கும் ரெண்டு சொல்லக் கூடாதா?" என்று நின்றார்கள். "துவாக்குடிக்குப் போங்க. கைய வுட்டுப் பாத்துட்டு வாங்குங்க" என்று சொல்லி அனுப்பினாள். என் வீட்டுக்காரர் பேப்பரின் பின்பக்கத்தையும் படிக்க ஆரம்பித்தார். ஆனாலும் மாட்டுக்கு லாடம் அடித்துவிட்டார்.

புரட்டாசி முடியும் நேரத்தில் ஒரு காலை, பொடி எழுத்தில் இல்லாமல் தலைப்பாகவே வந்துவிட்டது. கொள்ளிடம் கம்ப்யூட்டர்ஸ் தன்னிடம் இருந்த மெமரியில் பெரும்பகுதியை மற்றக் கம்பெனிகளுக்கு விற்றுப் பெரிய லாபம் பார்த்திருக்கிறது என்று போட்டிருந்தார்கள். விலை ஒரே நாளில் எகிறியிருந்தது. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டத்தில் குடம் விழுந்து உருண்டது. எடுக்காமலே ஓடினேன்.

"ஏறிடுச்சாடி? எவ்ளோ?"

சொன்னேன். அவள் கையில் இருந்த மண்வெட்டியை ஆகாசத்துக்கு எறிந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள். சட்டென்று நின்று, "எதனாலயாம்?" என்று கேட்டாள்.

வந்திருந்ததை அப்படியே படித்தேன். அவள் என் கையை விட்டாள்.

"இன்னொரு வாட்டிப் படி."

படித்தேன்.

"வெதய வித்துட்டானா?" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "பாவி, வெதய வித்துட்டானே! அப்பறம் எத வச்சி கம்ப்யூட்டர் போடுவான்?"

கை கால் கழுவாமலே திருச்சி பஸ்ஸில் ஏறினோம். பாலசுந்தரம் ஆபீஸில் கூட்டம். அவர் எங்களைப் பார்த்ததும் ஜிலேபித் தட்டோடு எழுந்து வந்தார்.

"வாங்க மொதலாளியம்மா! எடுத்துக்கங்க."

"எல்லாத்தையும் வித்துடுங்க" என்றாள் இருசம்மாள்.

"என்னது?"

"கொள்ளிடம் பூராவும். இன்னிக்கே."

"அட, நீங்க ஒண்ணு! இன்னும் ஏறும்மா. இப்பப் போயி யாராவது விப்பாங்களா?"

"அவன் வெதய வித்துட்டான்ல."

பாலசுந்தரம் தட்டை மேசையில் வைத்தார். பொறுமையாகவே சொன்னார். "அம்மா, அது வெதயில்ல. மெமரி மொளைக்காது, காய்க்காது. வெறும் சாமான். வெல உச்சத்துல இருக்கயில வித்தான், எறங்கறப்ப திருப்பி வாங்கிப்பான். கெட்டிக்காரன்மா அவன்."

"நானும் இதயேதான் சொன்னேன். 'இப்ப விக்கிறேன், அப்பறம் வாங்கிக்கிறேன்'னு. எனக்குப் பைத்தியம்னு ஊரே சொல்லிச்சி. என்ன மாதிரி ஒரு பைத்தியம் கம்பெனி நடத்துனா, அவன நம்பி என் காச வைக்கச் சொல்றீங்களா?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. பாலசுந்தரம் என்னைப் பார்த்தார். நானாவது எடுத்துச் சொல்வேன் என்று நினைத்தார் போல. நான் ஜிலேபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெருமூச்சுவிட்டு மெட்ராசுக்கு போன் போட்டார்.

அவர் சொன்னபடிதான் பின்னால் நடந்தது. அடுத்த வருஷம் மெமரி விலை இறங்கியது. கொள்ளிடம் இறங்கின விலைக்கு வாங்கி அலமாரிகளை மறுபடியும் நிரப்பியது. பங்கு இன்னொரு மடங்கு ஏறியது. இருசம்மாள் நினைத்தது சுத்தத் தப்பு. கறுப்பு மரவட்டைகளை அவள் கடைசிவரை விதை வெங்காயமாகவே பார்த்துவிட்டாள். அவள் மட்டும் இல்லை, அன்றைக்கு எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

விற்றாலும் பணம் உடனே கைக்கு வரவில்லை. பத்திரம் மெட்ராஸ் போய், கணக்கு முடிந்துதான் வரும் என்றார் பாலசுந்தரம். அதற்குள் ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் காடுகளில் எல்லாம் நடவு ஆரம்பமாகிவிட்டது. கிணற்றடிக் காடு மட்டும் வெறுமனே நனைந்தது. என் வீட்டுக்காரர் பரணில் இருந்து ஏர்க்கலப்பையை இறக்கி, கொழுவை அடித்துக் கூராக்கிக்கொண்டு வந்தார். "அண்ணி என்னா சொல்றாங்க?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன்.

பணம் வந்தபோது விதை இல்லை. மழையில் பல பட்டறைகள் ஒழுகிவிட்டன. இருசம்மாளும் நானும் ஊர் ஊராகப் போனோம். ஒவ்வொரு பட்டறையிலும் அவள் அடியில் கை நுழைப்பாள். கை கறுத்து, ஊறல் எடுத்து, நாறிப்போய் வரும். மழைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பாள். வழியில் ஒருவர், "கொள்ளிடம் இன்னும் ஏறிடுச்சாமே, அவசரப்பட்டுட்டியே இருசம்மா" என்றார். "ஏறட்டும். உங்கூர்ல நல்ல பட்டற யாருகிட்ட இருக்கு, அதச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

செட்டிகுளம் பக்கம் ஒரு மேட்டுக் காட்டில் அந்தப் பட்டறையைக் கண்டுபிடித்தோம். உயரமாகக் கல் அடுக்கி, தோகையைப் புதிதாக வேய்ந்திருந்தார்கள். அவள் கையை நுழைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் மேலே போனது. கையை வெளியே எடுத்து, உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிவப்பாக, உலர்ந்து, கல் போல இருந்தது. காரம் சுள்ளென்று ஏறியது.

பட்டறைக்காரர் அவள் விற்ற விலைக்கு இரண்டு பங்கு சொன்னார். வேறு நாளாக இருந்தால் அரை நாள் நின்று வாதாடியிருப்பாள். அன்றைக்கு, "மூட்ட போடுங்க" என்றாள். அவள் பையில் இருந்தது அதற்கும் போதும். ஆள் கூலிக்கும் போதும்.

அன்றிரவு மூட்டை வந்து இறங்கும்போதே மழை விட்டது. அவள் வாய்ச்சத்தத்தில் விடிவதற்குள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் காட்டில் இருந்தார்கள். முன்பே உழுது வைத்த இடத்தில் ஒரு பக்கம் ஆம்பிளைகள் மண்ணை வரிசையாக மேடு கட்டிப் பார் பிடிக்க, பின்னாலேயே பெண்கள் குந்தி, பாரின் இரண்டு பக்கமும் வெங்காயத்தை ஊன்றிக்கொண்டு போனார்கள். நானும் குந்தினேன். இருசம்மாள் கூடையும் கையுமாக ஓடி ஓடி எல்லோருக்கும் விதை கொட்டினாள்.

அப்போதுதான் வரப்பில் மணிச்சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டு, ஏரோடு வந்து நின்றார். மூட்டை வந்தது அவருக்குத் தெரியாது. அவர் எறையூர்க் கரும்பாலையில் இரவு முழுக்கக் கரும்பு வண்டியோடு காத்துக் கிடந்துவிட்டு, வீட்டில் வண்டியை அவிழ்த்த கையோடு ஏரைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். பாரையும், குந்தியிருந்த பெண்களையும், கடைசியில் என்னையும் பார்த்தார். நான் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டேன்.

"போட்டுட்டீங்களா அண்ணி?"

"பாத்தா தெரியலயா தம்பி?"

அவர் கண் காட்டைச் சுற்றி வந்து, வாய்க்கால் ஓரத்தில் நின்றது. அங்கே ஒரு மூலை உழாமல் கிடந்தது.

"அந்த மூல தரிசாத்தான கெடக்கு?"

வெங்காயம் ஊன்றிய கைகள் எல்லாம் நின்றன. இருசம்மாள் கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா. அதுக்கும் வெத இருக்கு. உழ மாடுதான் கெடைக்காம இருந்துது. நீங்கதான் லாடம் அடிச்சி, பூட்டிக்கிட்டே வந்துட்டீங்களே! எறங்குங்க, கூலி தரேன்."

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கூலிய முன்னாடியே குடுத்துடுங்க அண்ணி. கம்ப்யூட்டர்காரங்கள நம்ப முடியாது."

இருசம்மாள் சிரித்த சிரிப்புக்குக் கிணற்று மேட்டில் இருந்த கொக்குகள் எழும்பின. பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் மாட்டை வாய்க்கால் ஓரம் திருப்பி ஏரை இறக்கினார். ஈர மண் கறுப்பாகப் புரண்டு வந்தது. முதல் சால் முடிவதற்குள்ளேயே இருசம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போய், "ஆழமா வுடுங்க தம்பி, ஆழமா" என்று விரட்ட ஆரம்பித்துவிட்டாள்.